வலது காலின் மடிப்பு

ஃபேர்ஃபாக்ஸ், அக்டோபர் 1977

மகனே,

தோள் எலும்பு கூடிவிட்டதா? உன் பொருள்களை எடுத்துப்போக நேற்று உன் சைக்கிள் கூட்டாளி ரஸ்ஸல் வந்தான். மலையிலிருந்து சைக்கிளில் நேராக இறங்கி வந்திருக்கிறான். கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தோட்டக்காரர் கையுறை, சேறு அப்பிய பூட்ஸ். ஜீன்ஸின் வலது காலை மட்டும் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தான். அப்படியே உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்தக் காலை ஒழுங்காக இறக்கிவிடு" என்றேன்.

"ஐயோ, ஆளை விடுங்க மிசஸ் டோனலி! அவன் ஜீன்ஸோட வலது காலைக் குறுக்கித் தச்சிருந்ததை நீங்க பிரிச்சு இறக்கித் தச்சு விட்டீங்க. அது சைக்கிள் செயின்ல மாட்டித்தானே விழுந்தான்! சொல்லலையா அவன்?"

நீ சொல்லவில்லை. பாறை தட்டியது என்றாய். நானோ, "கந்தல் கோலத்தில் என் சாப்பாட்டு மேசைக்கு வராதே" என்றேன். ஐந்து வாரமாக நீயும் வரவில்லை.

உன் ஜீன்ஸை ரஸ்ஸலிடம் கொடுக்கவில்லை. நான் இறக்கித் தைத்ததைப் பிரித்து, வலது காலை மறுபடி குறுக்கித் தைத்திருக்கிறேன். கன்னிமடத்துப் பள்ளியில் தையலுக்கு ஆண்டுதோறும் பரிசு வாங்கியவள் நான். என் தையலை நானே பிரித்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி வாட்டுகிறேன். பூட்ஸோடே உள்ளே வா. போட்டுப் பார்த்து, தையல் சரியா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா