செல்வினுக்காக ஜெபித்தது

ஜூலை 8, செவ்வாய்
புழுக்கம். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.
போதகர் போன். "ஞாயித்துக்கெழம ஆராதனையில செய்தி நீங்கதாம்மா குடுக்கணும்." வேதாகமப் பகுதி: மீன் வயிற்றுக்குள் போய் வந்த தீர்க்கதரிசி. நினிவே அழியும் என்று அறிவித்தான். ஊர் மனந்திரும்பியது, கடவுளும் அழிக்காமல் விட்டுவிட்டார். இவனுக்குக் கோபமான கோபம். ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தான், இனியாவது அழியாதா என்று.
நானும் அவன் கட்சிதான்.

ஜூலை 11, வெள்ளி
லஸ் கார்னரில் மழை, ஆட்டோ இல்லை. பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தாமதம்.
உள்ளே செல்வின். என் கொழுந்தன். குடித்துவிட்டு பைக் ஓட்டி, பின்னால் இருந்த அண்ணன் காலை முறித்தவன். சர்ச் மாடத்தில் ஆர்கன் வாசித்த என் வீட்டுக்காரரால் அதோடு அந்தப் படி ஏற முடியவில்லை.
குடியை விட்டுவிட்டானாம். அதைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறான். "அண்ணி, வாரா வாரம் எனக்காக எழுந்து நின்னீங்களாமே. அதான் என்னக் காப்பாத்துச்சு." அழுதான்.
நின்றது உண்மை. 'கொழுந்தன் மனந்திரும்பணும், ஜெபிச்சுக்கோங்க.' அவன் குடிகாரன் என்று நாலு பேருக்குச் சொல்ல இதைவிட மரியாதையான வழி எங்கள் சபையில் இல்லை. வீட்டில் முழங்காலில் கேட்டது வேறு. நியாயத்தீர்ப்பு. சீக்கிரமாக.
பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா: "கர்த்தர் உன் ஜெபத்தக் கேட்டுட்டாரு பாரு!"
கேட்டார். அவருக்குப் பிடித்ததை மட்டும்.

ஜூலை 12, சனி
மாவு புளித்துவிட்டது. செய்தி ஒரு வரிகூட ஆகவில்லை. 'கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர்' என்று எழுதி அடித்தேன். யாரிடம் சாந்தம்? கால் போனவரிடமா, போக்கியவனிடமா?
இவரிடம் கேட்டேன், தம்பியை மன்னித்தாயிற்றா என்று.
"எப்பவோ. நீதான் இன்னும் ஊருக்கு வெளிய பந்தல் போட்டு உக்காந்திருக்க."
எரிச்சல். காபியை டொக்கென்று வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு
வெயில். செய்திக்கு முந்தைய பாட்டு. மேடை ஏறிப் பார்த்தால் முன்வரிசையில் இவர் இல்லை.
மேலே ஆர்கன். அந்த வாசிப்பு எனக்குத் தெரியாதா?
நிமிர்ந்தேன். மாடத்தின் மேல்படியில் செல்வின், சட்டை வேர்வையில் தொப்பலாக, மூச்சு வாங்கிக்கொண்டு. அண்ணனை முதுகில் சுமந்து ஏற்றியிருக்கிறான்.
நான் கேட்ட தீர்ப்பு கிடைத்திருந்தால் இவரை ஏற்ற யார்?
அழுகை வந்தது. கோபமும் அங்கேயே இருந்தது. செய்தி என்ன பேசினேனோ, நினைவில்லை.
இறக்கிவிடவும் அவன்தான் வேண்டும். அப்படியே சாப்பிட வரச் சொல்லிவிட்டேன். வீட்டில் வஞ்சிரம் இரண்டே துண்டு. என்னுடையது அவனுக்கு.