முன்சீட்டில் இருப்பவள்

மார்ச் 3, ஞாயிறு

இரட்டைச் சைக்கிள் வந்துவிட்டது. இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், எல்லாம் செயினால் பிணைந்தவை. நான் மிதித்தால் பின்னால் அண்ணியின் காலும் சுற்றும்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. கல்லூரி நாளில் சைக்கிள் ரேசில் கோப்பை வாங்கியவர். பார்வை போய் நாலு வருஷம். மே மாத நாற்பது கிலோமீட்டர் பந்தயத்தில் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தம்பிக்கோ முழங்கால் வலி. ஆக, மாட்டிக்கொண்டவள் நான்.

முன்சீட்டுக்காரர்தான் கேப்டனாம். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள் கேப்டன்!

அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார்: "மேடுன்னு சொன்னா சீட்டுலேர்ந்து எழும்பிக்குவேன். விடுன்னா மிதிக்கமாட்டேன். கியர்னா காலைத் தளர்த்துவேன். சொல்லாம மட்டும் எதையும் செஞ்சுடாதே."

மார்ச் 5

உட்கார முடியவில்லை. கடையில் நாள் முழுக்க நின்றேன். நல்லவேளை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 24

என்ன மனுஷி இவர்!

எதிர்காற்று. முன்னால் போன சைக்கிள் கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் காற்றைத் தாங்குவார்கள், நமக்குப் பாதி பாரம் குறையும். ஆனால் முறை வரும்போது நாமும் முன்னால் போய்த் தாங்க வேண்டும். நோகாமல் பின்னாலேயே ஒட்டி வருகிறவரைச் சைக்கிள்காரர்கள் ஒருநாளும் மதிக்கமாட்டார்களாம்.

ஏற்றத்தில், செத்தேன் என்று நினைத்த நேரம் பெடல் தானாகக் கீழே போனது. பின்னாலிருந்து அவர் கால்! நாற்பத்தெட்டு வயசு. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஏப்ரல் 7

தப்பு செய்துவிட்டேன்.

இரண்டு வாலிபர்களை முந்தினோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பி அவர்கள் முகத்தை ரசித்துவிட்டுப் பார்த்தால் வேகத்தடை. பார்த்தேன் — பார்த்தும் வாய் திறக்கவில்லை. அண்ணி சீட்டிலிருந்து தூக்கிப் போடப்பட்டார், சைக்கிளோடு சரிந்தோம். அவர் முழங்கையில் ரத்தம்.

"என்னம்மா ஆச்சு?"

"நான் பாக்கவே இல்ல அண்ணி."

ஏன் அப்படிச் சொன்னேன்? சின்னப் பிள்ளையா நான்?

ஏப்ரல் 17

பத்து நாளாக அண்ணி ஓட்ட வரவில்லை. கை ஆறிடுச்சாம், வீட்டுக்காரர்தான் சொன்னார். அப்புறம் என்ன?

என்னவென்று எனக்குத் தெரியாதா!

ஏப்ரல் 19

போய்ச் சொல்லிவிட்டேன். "மேட்டைப் பாத்தேன் அண்ணி. சொல்லாம விட்டுட்டு, பொய்யும் சொன்னேன்."

"தெரியும். மேட்டைப் பாத்தா நீ மூச்சைப் பிடிப்ப. பின்னாடி எனக்குக் கேக்கும். அன்னிக்கும் பிடிச்ச."

அண்ணி முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"விழுந்ததுக்குக் கோவமில்ல. ரேஸ்ல எத்தனை தடவ விழுந்திருக்கேன். முன்னாடி இருக்கிறவ பொய் சொன்னா, நான் எதை நம்பி உக்காருவேன்?"

அழுதுவிட்டேன். அவர் எழுந்து டீ போட்டார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 21

காலை ஆறு மணி. வாசலில் ஹெல்மெட்டோடு அண்ணி. "கேப்டன் எந்திரிச்சாச்சா?"

மே 12, ஞாயிறு

பந்தயம் முடிந்தது.

கடைசி இறக்கம். பயங்கர வேகம். ரோடு முழுக்க மர நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக. முன்னால் கறுப்பாக ஒன்று. நிழலா, பள்ளமா? கேப்டனுக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன், கத்தியே சொன்னேன்.

"தெரியல அண்ணி!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருவரும் ஒன்றாக எழும்பினோம். பள்ளம்தான். சைக்கிள் ஒருமுறை குதித்து நேராகப் போனது. பின்னாலிருந்து, "மிதி!"

முப்பத்தோராவது இடம். அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அங்கேயே அடுத்த வருஷ நூறு கிலோமீட்டருக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசைக்காரர், "முன்சீட்டுல யாரு?" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அண்ணி என் பெயரைச் சொன்னார்.