தாவூது அடக்கி வைத்தது

மேலப்பாளையம்

அன்பு மகன் அலி அஸ்கருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்கால் வலியைத் தவிர இங்கு வேறு குறையில்லை, தம்மாமில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ செய்கிறேன். கார் நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், வாய்க்கால் நிறைய ஓடுகிறது. உன் தம்பி தாவூதை வைத்துக்கொண்டு போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதி, சவூதிக்குத் திரும்பும் ரைஹானத் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவனுடைய டூரெட் நோய்க்கு நீ அனுப்பிய அமினோ அமில மாத்திரையைப் பெருநாள் கழிந்ததிலிருந்து கொடுத்து வந்தேன். மேலோடு ஹராமான எதிலாவது செய்ததோ என்ற சந்தேகத்தில் அதை உடைத்து, தூளை மட்டும் தேனில் குழைத்தேன். டாக்டர் தந்த மருந்தையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் அவனை மீறிக் கழுத்து வெட்டி இழுப்பதும் தொண்டைச் சத்தமும் குறைந்தன. ஜும்ஆவில் அவன் பக்கத்தில் இடம் விட்டு நின்றவர்களெல்லாம் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்களாம். ஒம் மவன் இப்பம் தூண் மாதிரில்லா நிக்கான் என்று வாசலில் வந்து சொன்னார்கள். நேர்ந்திருந்தபடி நெய்ச்சோறு ஆக்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

போன வாரம் சிராஜுதீன் மாமாவின் தறிக் கூடத்துக்குப் போயிருந்தேன். ஓடுகிற தறிகளுக்கு நடுவில் தாவூது நின்றுகொண்டிருந்தான். தொழுகையிலும் வீட்டிலும் அடக்கியதையெல்லாம் அந்த இரைச்சலுக்குள் கத்தித் தீர்க்கிறான், கழுத்து ஒடிந்துவிடுமோ என்கிற மாதிரி இழுக்கிறது. மாமாவைக் கேட்டால், தெனம் இங்கனதான் வாரான், ஒங்கிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டான், நான் என்ன செய்ய என்கிறார். டாக்டரிடம் ஓடினேன். கொஞ்ச நேரம் அடக்கலாம், பிறகு அதிகமாக வரும், அமினோ அமிலம் கேட்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, தன்னிடம் சொல்லாமல் கொடுத்திருக்கக் கூடாது என்றார்.

ஏன்லே இப்படிச் செஞ்சே என்று அவனிடம் கேட்டேன். அலி காக்கா வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்புதாங்க, நீங்க நெய்ச்சோறு வேற ஆக்கிட்டீங்க, அதுல ரெண்டு தட்டு நானே தின்னாச்சு, இனிமே மாத்திரை கேக்கலன்னு எப்படிம்மா சொல்ல என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் சத்தம் போடு வாப்பா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் வாசற்படி ஏறும்போதே உதட்டைக் கடித்துக்கொள்கிறான்.

இனி அந்த மாத்திரையை அனுப்பாதே. உன் மேல் குறை இல்லை, பாசத்தில்தான் செய்தாய். வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிடும்போது இப்பம் எப்படிலே இருக்கு என்று மட்டும் கேட்காதே, கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். வேறு எதையாவது பேசு. நடுவில் அவன் கத்தினால் முகத்தைத் திருப்பாமல் பேசிக்கொண்டே இரு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உடல் சுகமும் தந்து காப்பானாக. படித்ததும் இதைக் கிழித்துவிடு, ஊருக்கு வரும்போது அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

உன் உம்மா
ஜுபைதா பீவி