சாவி டிரைவரிடம் இருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அத்தான் பக்கத்திலேயே நிற்பார். அதனால் பல்கலைக்கழகத்தில் என்னோடு பாடம் நடத்துபவள் அங்கே வரும்போது இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அத்தான் கம்பெனிக் கணக்கில் நீ கணக்காளராகக் கையெழுத்துப் போடுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நேற்று வகுப்பில் உன் கதையைத்தான் ஊர் பேர் இல்லாமல் நடிக்கக் கொடுத்தேன். திட்டாதே, நல்ல உதாரணமாக இருக்குமே என்றுதான் கொடுத்தேன். கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், ஆளுக்கொரு வேஷம் கொடுத்தால் விழித்துக்கொள்கிறார்கள். கடைசி பெஞ்சு வாயாடிதான் பெயிண்ட் கம்பெனி முதலாளி. ஊமைக்கோட்டான் என்று பெயரெடுத்த பெண் கணக்காளர். கிடங்கு நிறையச் சரக்கு இருப்பதாகக் கணக்கு. வங்கிக் கடனுக்காக அவள் கையெழுத்துப் போட வேண்டும். நான் கொடுத்த சீட்டில் அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அவன் என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "உங்கள நம்பாம வேற யாரை நம்புவேன்" என்று குழைந்தான். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "கிடங்கைத் திறங்க, சரக்கைப் பாக்கணும்" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "சாவி டிரைவர்கிட்ட இருக்கு, அவன் ஊருக்குப் போயிருக்கான். நீங்க போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அடித்துவிட்டான்.

அத்தானும் இதையேதான் சொன்னார் என்று போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே. அன்றைக்கு நானும் நம்பிவிட்டேன், அதனால்தான் சீட்டில் அதை எழுதவே இல்லை. பதில் இல்லாதவன் வாயில் தானாக வருவது இதுதான் போலிருக்கிறது.

அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். சாவி வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். இனி என்ன செய்வதென்று அவன் என்னைக் கேட்டான். நான் வகுப்பை அத்தோடு முடித்துவிட்டேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தான் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் கம்பி எண்ணப்போவது கையெழுத்துப் போட்ட நீதான். கிடங்கைத் திறக்கச் சொல். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. பின்வரிசையில் ஒரு டின்னையாவது தூக்கிப் பார். கனமாக இருந்தால் நானே வந்து அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

திறக்க முடியாது என்றால் வாக்குவாதம் பண்ணாதே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. இன்று காலை முன்னறைக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். நீங்கள் இரண்டு பேரும் படுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

வாசலைப் பார்த்தபடி,
உன் தங்கை