சிலை பொடியான காரணம்

நலம் பெருகுக. பனிவரை நாட்டுக் கோமான் அதிரனார் திருமுன்புக்கு, நறுவேலி நாடாள்பவரும், மூன்று கடல்களின் தலைவரும் (ஒன்றிலேனும் கால் நனைத்ததில்லை), பகைவர் கனவிலும் வாளோடு தோன்றுபவருமான தொன்முடி உருத்திரக்கோவின் அமைச்சர் நல்லழிசி பணிந்து விடுக்கும் ஓலை.

எம் வேந்தர் தம் திருவுருவத்தையே வெள்ளிச் சிலையாக வார்ப்பித்து, தூதர் கண்ணந்தை வழியே தங்களுக்குப் பரிசளித்தார். பரிசு கெட்டால் கொணர்ந்தவர் தலை ஈடு என்பது தங்கள் நாட்டு வழக்கம். கடுங்குளிரில் சிலையின் மூக்கில் சாம்பல்நிறக் கொப்புளம் எழுந்து, கன்னம், மார்பு என்று பரவி, தை முடிவதற்குள் மாமன்னர் ஒரு கூடைப் பொடியானார். தாங்கள் சூனியம் என்று கருதித் தூதரை விலங்கிட்டீர்கள். அவர் நல்லழிசிக்கு ஒரு சிட்டிகைப் பொடியை அனுப்பி, தம்மைக் காக்குமாறு எழுதியிருந்தார்.

நல்லழிசி அப்பொடியைக் கரித்தூளோடு உருக்கினார். பளபளவென்று வெள்ளீயம் ஓடிவந்தது. சிலையில் வெள்ளியே இல்லை என்பது அவைத் தூணுக்கும் தெரிந்த செய்திதான். நிலவை வார்த்த சிலை என்று பாடிய புலவர்களுக்கு மட்டும் தெரியாது.

திண்பொருள் யாவும் அணுக்களின் அடுக்கு. வெதுவெதுப்பில் வெள்ளீயத்தின் அணுக்கள் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்து நிற்கும். கடுங்குளிர் பட்டாலோ, ஒவ்வொன்றும் நான்கு அண்டையரோடு மட்டும் உறவு வைத்துக்கொண்டு தள்ளி நிற்கும். கால் பங்குக்கும் மேலாக இடம் கூடுதலாகக் கேட்கும். இடம் போதாமல் உடல் வெடித்து உதிரும். மாறிய பகுதி தன்னைத் தொட்டதையும் மாற்றும். ஓர் அணுவும் குறையவில்லை. நிற்கும் ஒழுங்கு மாறியது, அவ்வளவே. இதில் சூனியம் இல்லை. சூது உண்டு, அது எங்கள் ஊரில் வார்க்கப்பட்டது.

இதை அவையில் சொன்னபோது வேந்தர் வெகுண்டு, "அணுவாம், ஒழுங்காம்! என் மூக்கில் இருக்கும் அணு என் ஆணை இல்லாமல் நகருமோ?" என்று கேட்டருளினார். அந்த அறிவை அவை நெடுநேரம் வியந்தது. கருவூலத் தலைவரோ, ஈயம் என்றால் நாட்டின் மானம் போகும் என்றும், தூதன் வெள்ளியைத் திருடி மாற்றிவிட்டான் என்றால் ஒரு தலையோடு போகும் என்றும் மொழிந்து, "என்ன ஓய் அழிசி, போவது உம்முடைய தலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாயிலில் நின்ற கண்ணந்தையின் மனைவி சேந்திக்கும் அந்தச் சிரிப்பு கேட்டது.

தூதன் திருடன் என்று எழுதி முத்திரையிடும்படி அமைச்சருக்கு ஆணை. முத்திரையை வாங்கிக்கொண்டார். எழுதியது இது.

பரிசு வெள்ளீயம். தூதர் குற்றமற்றவர். ஐயமெனில் தங்கள் மடைப்பள்ளி அடுப்பிலேயே பொடியை உருக்கிப் பார்க்கலாம். வெள்ளி அவ்வளவு எளிதில் இளகாது. படித்தவுடன் கண்ணந்தையின் விலங்கை அகற்றுக. ஓலை கொணரும் பெண் சேந்தி. இருவரையும் அங்கேயே குடியமர்த்துக. எக்காரணம் கொண்டும் இங்கே திருப்பி அனுப்பற்க. மறுமொழி வேண்டாம், பெற்றுக்கொள்ள நல்லழிசி இருக்கமாட்டார்.

இதற்குச் சான்று, தொன்முடி உருத்திரக்கோவின் அரச முத்திரை. வேந்தர் அறியார்.