காலையில் வேலை செய்யாத கேபிள்

புரட்டாசி 20, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே சேறு.

முதல் வேலை பொன்னுசாமி பிக்கப். மலை மேலிருந்து ஒடுகத்தூருக்குச் சாமை, புளி, ஆட்கள் என்று எல்லாவற்றையும் இறக்கும் வண்டி. ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்கிறதாம், கரும்புகை வேறு. லேப்டாப்பை மாட்டி இஞ்சின் கம்ப்யூட்டரில் டீசல் அளவைத் திருத்தினால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

முடியவில்லை. கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில், மறு முனை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில். பச்சை லைட் வர வேண்டும். சிவப்பு மின்னிக்கொண்டே இருந்தது. கழற்றி மாட்டினேன். சாவியை அணைத்துப் போட்டேன். ஒரு தடவை பச்சை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

வெங்கடேசு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "லேப்டாப்புல இன்னாவோ கீது மாமா" என்றான். லேப்டாப்பில் ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். அவசர அவசரமாக அதன் மேல் பழியைப் போடுகிறானே என்று அப்போதே ஒரு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரி கோமதியின் தம்பி என்று சேர்த்துக்கொண்ட ஆள். இன்றைய தேதிக்கு இந்தக் கடையில் பாதி வேலை அவன் கையில்தான் நடக்கிறது. அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

மத்தியானம் அவன் சாப்பிடப் போனான். வெயில் வந்திருந்தது. சும்மா மாட்டிப் பார்த்தேன். பச்சை. அசையாமல் நின்றது. அவன் திரும்பி வருவதற்குள் கழற்றி வைத்துவிட்டேன், சொல்லவில்லை.

ஆயுத பூஜை மாலை இன்னும் கம்ப்ரசர் மேல் காய்ந்து தொங்குகிறது. எடுக்கணும். கிரீஸ் வாங்கணும்.

புரட்டாசி 21, செவ்வாய்

பனி. கைலி கூட காயவில்லை.

காலையில் செய்தது: சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டேன். லேப்டாப்பில் வேறு ஓட்டையில் மாட்டினேன். சாக்கெட் ஃப்யூஸ் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. என் ஆம்னி வேனில் மாட்டினேன், அதிலும் சிவப்பு. ஆக வண்டி மேல் குற்றமில்லை. கேபிள்தான்.

மத்தியானம் வெயில் வந்ததும் மீட்டர் வைத்து ஒவ்வொரு வயரையும் முனைக்கு முனை பார்த்தேன். எல்லாம் கீச் கீச் என்று சத்தம் கொடுத்தது. எங்கேயும் அறுந்திருக்கவில்லை. அறுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெங்கடேசு சாப்பிடப் போன நேரம். மாட்டினேன், பச்சை. சரி, இப்போதே முடித்துவிடலாம் என்று புது அளவை ஏற்ற ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. சடசடவென்று மழை. மழையோடு மழையாக அவன் ஓடி வந்து, சொட்டச் சொட்ட வண்டிக் கதவைத் திறந்து, "ஏறுதா மாமா?" என்று தலையை உள்ளே விட்டான். சிவப்பு. நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரில் பாதி பழசு, பாதி புதுசு. இப்போது வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. நேற்று வரை புகையாவது விட்டது.

பொன்னுசாமி சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "சாமை அறுப்பு ஆரம்பிச்சாச்சுங்க. வண்டி இல்லன்னா மூட்டைய தலமேல தூக்கினு தான் இறங்கணும்" என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குள் தருகிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

இவன் வேறு எங்காவது வண்டியைக் காட்டிக் கெடுத்துவிட்டு இங்கே வந்தானா? கேட்டேன். இல்லையாம். ஆம்னியிலும் சிவப்பு வந்ததை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

புரட்டாசி 22, புதன்

மேகமூட்டம், மத்தியானம் மட்டும் கொஞ்சம் வெயில். தலைவலி.

யோசித்து யோசித்து ஒன்று பிடிபட்டிருக்கிறது. வெங்கடேசு பக்கத்தில் இருந்தால் கேபிள் வேலை செய்யாது. அவன் சாப்பிடப் போனால் செய்யும். திங்கள் அப்படித்தான், செவ்வாய் அப்படித்தான். இன்றும் காலையில் சிவப்பு, அவன் போன பிறகு பச்சை. மறுபடி பாதியில் நின்றுவிடுமோ என்று அளவை ஏற்றத்தான் துணியவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் கேபிளை மாற்றி வைத்துவிட்டானோ? போன வருஷம் சால்டரிங் அயர்ன் பட்டு உறையில் ஒரு தழும்பு விழுந்தது. பார்த்தேன், இருக்கிறது. ஆனால் தழும்பை யார் வேண்டுமானாலும் சுடலாம்.

ஆயுத பூஜை அன்றைக்கே அவன் போக்கு சரியில்லை. ஸ்பானரிலிருந்து லேப்டாப் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் நானே என் கையால் வைத்தேன். இந்தக் கேபிள்தான் நமக்குச் சோறு போடுகிறது என்று அதற்கு மட்டும் தாராளமாக வைத்தேன். "அதுக்குப் போதும் மாமா" என்றான். சாமி காரியத்தில் என்ன போதும்?

அவன் காலை டிஃபன் கொண்டுவரும் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். உள்ளே சந்தவாசல் பஸ் டிக்கெட். அங்கே இவனுக்கு என்ன வேலை? போன வாரம் லீவு கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னவன். அந்தப் பக்கம் லேப்டாப் வைத்து வேலை செய்கிற ஒர்க் ஷாப் கிடையாது. கடை போட நல்ல இடம்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது கோமதி அடுப்படியில் போனில் குசுகுசுவென்று: "அவருக்கு இப்ப தெரிய வாணாம்டா. முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

யாரு என்று கேட்டேன். "ராங் நம்பருங்க" என்றாள். ராங் நம்பரை யாராவது டா போட்டுப் பேசுவார்களா?

இவளுமா?

புரட்டாசி 23, வியாழன்

காலையில் பனி.

வேண்டுமென்றே சீக்கிரம் போனேன், யாரிடமும் சொல்லாமல். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. சாவி அவனிடமும் ஒன்று இருக்கிறது. குனிந்து உள்ளே போனேன். வெங்கடேசு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டேபிள் லைட்டடியில் நின்றிருந்தான். இடது கையில் கேபிள். வலது கையில் ஊக்கு. பிளக்குக்குள் விட்டுக் குத்திக்கொண்டிருந்தான்.

பிடுங்கிவிட்டேன்.

"இன்னாடா பண்ற?"

"ஒன்னுமில்ல மாமா. பாத்துனு இருந்தேன்."

"ஊக்க வுட்டா பாப்பாங்க?"

வாயைத் திறக்கப் போனான், மூடிக்கொண்டான். அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. உண்மையான ஆளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பான் இல்லையா?

"சந்தவாசல்ல கட போடணும்னா போட்டுக்க. போ. என் பொருள ஒடச்சு வெச்சுட்டுப் போவாத."

சந்தவாசல் என்றதும் முகம் மாறியது. டிஃபன் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஊக்கை டேபிள் மேல் வைத்தான், கடைச் சாவியை அதன் பக்கத்தில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு "போறேன் மாமா" என்றான்.

இத்தனை வருஷத்தில் வாசலில் நின்று வர்றேன் என்றுதான் சொல்லுவான். மனுஷன் யாரும் போறேன் என்று சொல்லமாட்டான். வேண்டுமென்றே சொன்னான்.

போகட்டும். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

வேறு வேலை ஓடவில்லை. ஒரு ஆட்டோ வந்தது, ஆயில் மாற்றினேன்.

புரட்டாசி 24, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். கடைக்குப் போகவில்லை.

கோமதி நேற்று ராத்திரியிலிருந்து பேசவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள், போய்விட்டாள். இன்று காலை நானே ஆரம்பித்தேன். உன் தம்பி சந்தவாசலில் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"இன்னா தெரியும்?"

"கட போடறான்."

என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பொண்ணு பாத்துட்டு வந்தாங்க. அவனும் அம்மாவும். நைனா இல்லாத புள்ள, நிச்சயத்துக்கு மாமாதான் முன்ன நிக்கணும், மாமாகிட்ட முன்னயே சொல்லிடலாம்னு அவன் ஒத்தக் கால்ல நின்னான். நான்தான் வாணாம்னேன். முடிவாவறதுக்கு முன்ன சொன்னா நீங்க அந்த வூட்டுக்காரங்க மேல ஆயிரம் சந்தேகம் கௌப்புவீங்க. பொண்ணு ஏன் இவ்ளோ நாள் கட்டிக் குடுக்கலன்னுவீங்க. நல்ல காரியத்துல எதுக்குன்னு சும்மா இருந்தோம்."

கேட்டிருப்பேன். அதையேதான் கேட்டிருப்பேன்.

"இப்ப பெரியப்பாவ கூப்டுக்கலாம்னு அம்மா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முன்னால் நிற்க வேண்டியவன் நான். அவனுக்கு லைசென்ஸ் எடுக்க நான்தான் கூடப் போனேன், அவன் கை முறிந்தபோது கட்டுப் போட நான்தான் கூட்டிப் போனேன். இப்போது பெரியப்பாவாம்.

ஆனாலும் ஒன்று. பெண் பார்க்கப் போனவன், போகட்டும். ஊக்கை எடுத்து ஏன் குத்தினான்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

புரட்டாசி 25, சனி

கெட்டிப் பனி. கோமதி பெருமாளுக்குப் படையல் போடுகிறாள், சாப்பாடு மத்தியானத்துக்கு மேல்தான். வெறும் வயிற்றோடு கடைக்குப் போனேன்.

மாட்டினேன். சிவப்பு.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடையில் நான் ஒருத்தன்தான். சாவி இரண்டும் என்னிடம். வெங்கடேசு இல்லை, அவன் நிழல் கூட இல்லை. அப்புறம் யார்?

வெயில் ஏறும் வரை அப்படியே இருந்தேன். மாட்டினேன், பச்சை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவன் சாப்பிடப் போகும் நேரமும் வெயில் வரும் நேரமும் ஒன்று. செவ்வாய்க்கிழமை அவன் வந்தபோது மழையும் வந்தது. நான் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வானத்தைப் பார்க்கவில்லை.

பிளக்கைக் கழற்றி வாயருகே வைத்து, கண்ணாடி துடைக்க ஊதுகிற மாதிரி ஹா என்று ஊதினேன். மாட்டினேன். சிவப்பு. வெயிலில் காட்டி மாட்டினேன். பச்சை. இன்னொரு தடவை ஊதினேன். சிவப்பு.

ஈரம்தான்.

டார்ச் அடித்து பிளக்குக்குள் பார்த்தேன். பின்களுக்கு நடுவில் மஞ்சளும் சிவப்புமாக அப்பிக் காய்ந்திருந்தது. சந்தனம். அதன் மேல் குங்குமம். பனி பட்டால் ஊறி ஒரு பின்னையும் அடுத்த பின்னையும் சேர்த்துவிடுகிறது. காய்ந்தால் ஒன்றும் தெரியாது. நான் வயரை முனைக்கு முனை பார்த்தேனே தவிர, பின்னுக்கும் பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பார்க்கவே இல்லை. பார்த்ததும் மத்தியான வெயிலில்.

உறை மேல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வாய்க்கும் ஒரு பொட்டு இருக்கட்டும் என்று பிளக் வாயிலேயே விரலால் அப்பியவன் நான். அதுக்குப் போதும் மாமா என்று அவன் சொன்னது இதைத்தான்.

மேல் வரிசையில் பாதி சுத்தமாக இருந்தது. சுரண்டி எடுத்த மாதிரி. பாதியில் நின்றிருந்தது.

டேபிளில் அவன் வைத்துவிட்டுப் போன ஊக்கு அப்படியே கிடந்தது. நுனியில் மஞ்சள் தூள்.

ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டேன். பிறகு அவன் விட்ட இடத்திலிருந்து அதே ஊக்கால் சுரண்டினேன். பழைய பல் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட்.

படையல் சோறு ஆறிப்போய்விட்டது.

புரட்டாசி 26, ஞாயிறு

நல்ல பனி. இதற்காகவே விடிந்ததும் போனேன். பச்சை. புது அளவு முழுசாக ஏறியது. ஒரே கிராங்கில் பிக்கப் ஸ்டார்ட். புகை இல்லை.

பொன்னுசாமி மேட்டுப் பக்கம் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து சிரித்தான். "தம்பி எங்கீங்க காணோம்?" என்றான். வேலையாகப் போயிருக்கிறான் என்றேன். "அவருதாங்க அன்னிக்கு டீக்கடையில சொன்னாரு. பயப்படாதீங்க, மாமா எப்டியும் எழுப்பிடுவாருன்னு." அவன் போன பிறகும் அந்தப் பேச்சு காதிலேயே இருந்தது.

மத்தியானம் வெங்கடேசுக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன். எடுத்தான்.

"கேபிள் சரியாயிட்சிடா."

"சந்தனம்தான மாமா?"

"தெரிஞ்சிதில்ல. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருந்தா நான்தான் வெச்சேன்னு சொல்லியிருப்பீங்க."

இல்லைடா என்று சொல்லப் பார்த்தேன். வரவில்லை. ஏனென்றால் சொல்லியிருப்பேன். என் கையால் வைத்ததை மறந்துவிட்டு பழியை அவன் மேல்தான் போட்டிருப்பேன். அதனால்தான் சத்தம் போடாமல் சுரண்டி வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்திருக்கிறான்.

"தப்புடா. என் மேலதான் தப்பு. நாளைக்கு கடைக்கு வா" என்றேன்.

"சரிங்க மாமா."

நிச்சயத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

புரட்டாசி 27, திங்கள்

தூறல். காய்ந்த மாலையை எடுத்துப் போட்டேன்.

வெங்கடேசு வந்தான். சாவியைத் திரும்பக் கொடுத்தேன், வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாதாரணமாகத்தான் இருந்தான். டீ வாங்கி வந்தான், எனக்குச் சர்க்கரை கம்மி என்பதை மறக்கவில்லை. டிஃபன் பையை மட்டும் ஆணியில் மாட்டவில்லை. காலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. இஞ்சின் லைட் எரிகிறதாம். லேப்டாப்பை அவன்தான் திறந்தான். கேபிள் டேபிள் மேலேயே கிடந்தது, அவன் கைக்கெட்டும் தூரத்தில்.

திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, கேபிள எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான்.

இதுவரைக்கும் கேட்டு எடுத்ததில்லை.