சாமை நிரப்பிய மாத்திரை டப்பா

பெரியப்பா,

மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்ற மூடியை அழுத்தித் திருகியபோது உங்கள் ஞாபகம் வந்தது. நான் கொண்டுவந்த மாத்திரை டப்பாவும் இப்படி அழுத்தித் திருகினால்தான் திறக்கும். நீங்கள் போய் ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன்.

மூப்பைத் தள்ளிப்போடுமா என்று சோதிக்கும் மாத்திரை அது. அதற்கு ஆள் சேர்க்கத்தான் சந்தவாசலிலிருந்து பஸ்ஸேறி மலைமேல் உங்கள் ஊருக்கு வருவேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது என்றேன்.

“எமங்கிட்டயே கண்ணாமூச்சியா? சரி, எழுதிக்கோ” என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

மாதக் கடைசியில் மீந்த மாத்திரைகளை டப்பாவோடு வாங்கி எண்ணுவது என் வேலை. நீங்கள் நீட்டிய டப்பாவில் சாமை இருந்தது.

“வெறும் டப்பாவ எப்டிம்மா திருப்பிக் குடுக்கறது? எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல.”

“மாத்திரை எங்க பெரியப்பா?”

“ஒருநாள் நானு, ஒருநாள் உங்க பெரிம்மா. நான் மட்டும் கெடந்து தனியா இன்னா பண்றது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைகூடச் செய்திருக்கவில்லை. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அறிக்கையில் எழுதினால், நான் சரியாக விளக்கவில்லை என்று வேலை போகலாம்.

“எழுதாதம்மா, நிறுத்திட்றேன்” என்றீர்கள். எழுதினேன். வேலை போகவில்லை. உங்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், இருவருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஆனால் சோதனைக் கணக்கிலிருந்து உங்களை எடுக்கவில்லை. மாதாமாதம் வந்தேன். “வந்துட்டா பாரு, கோள்மூட்டி” என்று பெரியம்மாவிடம் சொல்வீர்கள், என்னிடம் பேசமாட்டீர்கள்.

மழைக்காலத்தில் மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். மருந்தால் நேர்ந்ததா என்ற கேள்விக்கு எதிரே டாக்டர் ‘தெரியவில்லை’ என்று குறித்தார். நான் கொடுத்ததை இரண்டு பேர் விழுங்கியிருக்கிறார்கள் என்பதையே தொட்டிலை ஆட்டிக்கொண்டு நினைத்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் சோதனை முடிந்து, யாருக்கு எது என்று திறந்து பார்த்தார்கள். உங்களுடையது மாவு. பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“மாவா? பின்ன எம் முட்டிவலி எப்டிப் போச்சாம்?” என்று அதட்டினார்.

பாதிப் பேருக்கு மாவு எதற்கு என்று உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடப் பெரியம்மா கேட்ட அந்த ஒரு கேள்வி அளவுக்குத் தெளிவாக நான் சொன்னதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனம் லேசாக இருந்தது. பாதி மலை இறங்கியபிறகுதான் உறைத்தது: உங்களுக்கு நான் எதையுமே தரவில்லை என்பதில் வந்த நிம்மதி அது. அதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை, பெரியப்பா. என்னிடமே இருக்கிறது.